கியர்ப்பெட்டியும் காலின் பழக்கமும்



"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பர் நம் முன்னோர். மனிதனைக் குறித்துச் சொல்லப்பட்ட இம்மொழி, அவன் ஏறிச் செல்லும் வண்டிக்கும் பொருந்துமா என்று முன்பு யாரேனும் நம்மிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்போம். இன்று சிரிக்க மாட்டோம். திருவல்லிக்கேணியில், பெரிய தெருவை ஒட்டிய சந்து ஒன்றில், பழைய மோட்டார் சைக்கிளின் வயிற்றைப் பிரித்து வைத்திருந்த ஒரு சிறு பணிமனையின் வாசலில் அண்மையில் ஒரு முற்பகல் முழுவதும் அமர்ந்திருந்தோம். அங்கு கண்டதையும் கேட்டதையும் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம். வீட்டு வாசலில் இருசக்கர வண்டி நிற்காத குடும்பம் நம்மிடையே இன்று அரிது. ஆகவே இது எல்லார்க்கும் உரிய செய்தி.

பாட்டனாரின் புல்லட்

நமக்கு வேண்டிய குடும்பம் ஒன்று. பாட்டனார் கோட்டையில் அரசு அலுவல் பார்த்து ஓய்வு பெற்றவர். 1984ஆம் ஆண்டில் சேமிப்பையும் கடனையும் சேர்த்து ஒரு 350 சி.சி. புல்லட் வாங்கினார். அலுவலகம், காய்கறிக்கு ஜாம் பஜார், பிள்ளைகளின் பள்ளி, மனைவியைப் பின்னே அமர்த்திக்கொண்டு மாலையில் கடற்கரை என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதே வண்டியில் சென்று வந்தார். அத்தனை காலத்திலும் அதன் கியர்ப்பெட்டியைத் திறக்க நேர்ந்தது ஒரே ஒரு முறை.

முழங்கால் வலியால் அவர் ஓட்டுவதை நிறுத்தியபின், சில காலம் உறை போர்த்தி நின்ற வண்டியைக் கல்லூரியில் படிக்கும் பேரன் ஆசையோடு எடுத்துக்கொண்டான். ஒன்றரை ஆண்டுக்குள் கியர்ப்பெட்டி இரண்டு முறை திறக்கப்பட்டுவிட்டது. முதல் முறை திறந்தபோது, "பழைய வண்டி, அப்படித்தான்" என்று எல்லாரும் சொன்னார்கள். இரண்டாம் முறை திறக்கப்பட்டதற்குக் காரணம் ஒரு விபத்து.

பாரதி சாலையில் மாலை நேரம். பேரன் இரண்டாம் கியரில் கடற்கரையை நோக்கி வந்துகொண்டிருந்தான். நின்றிருந்த இரண்டு ஆட்டோக்களின் நடுவிலிருந்து ஒரு சிறுமி தாயின் கையை விடுவித்துக்கொண்டு சாலையில் இறங்கிவிட்டாள். அவன் வலக்காலால் பலமாக மிதித்தான். ஆனால் அந்த வண்டியில் வலக்காலின் கீழ் இருப்பது பிரேக் அன்று, கியர். பழைய புல்லட்டில் கியர் வலப்புறம்; பின்பிரேக் இடப்புறம். அவன் ஓட்டக் கற்றதோ கியரே இல்லாத ஸ்கூட்டரில். பிறகு பழகியது நண்பனின் புதிய மோட்டார் சைக்கிளில். அதில் பிரேக் வலப்புறம். இக்கட்டில் கால் தனக்குத் தெரிந்ததைத்தான் செய்தது.

மிதித்த வேகத்தில் வண்டி இரண்டாம் கியரை விட்டு விலகியது. மூன்றாம் கியரிலும் சேரவில்லை. இரண்டுக்கும் நடுவே எதிலும் பிடிப்பில்லாத வெறுமையில் நின்றது. எஞ்சினின் இழுப்பு அற்றுப்போனதால் வண்டி தடையின்றி உருண்டது. அவன் கைப்பிரேக்கைப் பற்றி வண்டியைத் திருப்பி, ஒரு பழவண்டியின் மேல் மோதி விழுந்தான். சாத்துக்குடிகள் சாலையெங்கும் உருண்டன. அவன் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. சிறுமிக்கும் அவனுக்கும் இடையே இருந்தது ஒரு முழம் இடைவெளி என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்த ஒரு முழத்தை நினைத்து நாம் இறைவனுக்கு நன்றி கூறுகிறோம்.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

பணிமனை நடத்தும் முதியவரைத் தெருவில் எல்லாரும் 'பாய்' என்றே அழைக்கின்றனர். அவர் கியர்ப்பெட்டியிலிருந்து ஒரு பற்சக்கரத்தை எடுத்து மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பாட்டனாரின் கையில் வைத்தார். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடையிலிருந்து வாங்கி வந்த அதே பாகத்தின் புதியதையும் மற்றொரு கையில் வைத்தார்.

"சார், பல்லு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பக்கத்துல இருக்கிற இந்தக் கொக்கியைப் பாருங்க" என்றார்.

பார்த்தோம். சக்கரத்தைச் சுற்றியுள்ள பற்களில் குறை ஏதுமில்லை. ஆனால் அதன் பக்கவாட்டு முகத்தில் துருத்திக்கொண்டிருந்த தடித்த முளைகள், புதிய சக்கரத்தில் கத்தி முனைபோல் கூர்மூலையோடு இருந்தவை, பழையதில் பாதி கரைந்த சவர்க்காரக் கட்டியைப் போல் மழுங்கியிருந்தன. மெக்கானிக்குகள் இவற்றை 'டாக்' என்பர். நாம் பூட்டுப்பல் என்று அழைப்போம்.

கியர் மாற்றும்போது சக்கரங்களின் பற்கள் ஒன்றோடொன்று வந்து சேர்கின்றன, பிறகு பிரிகின்றன என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். மோட்டார் சைக்கிளில் பொதுவாக அப்படி நிகழ்வதில்லை. ஒவ்வொரு கியருக்கும் உரிய இரு சக்கரங்களும் எப்போதும் கடித்தபடியே சுழல்கின்றன. ஆனால் ஒவ்வொரு இணையிலும் ஒரு சக்கரம் தன் தண்டின்மேல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். நாம் காலால் நெம்பும்போது உள்ளே கவை ஒன்று நகர்ந்து, தண்டோடு சேர்ந்து சுழலும் ஒரு சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அதன் பூட்டுப்பற்கள் அடுத்த சக்கரத்தின் பள்ளங்களில் போய் விழுகின்றன. கதவுத் தாழ்ப்பாள் துளையில் விழுவதைப் போல. அப்போதுதான் அந்தக் கியர் வேலை செய்யத் தொடங்குகிறது.

மோட்டார் காரில் இரு பகுதிகளின் வேகத்தையும் முதலில் ஒன்றாக்கி, பின்பு பூட்டும் அமைப்பு உண்டு. மோட்டார் சைக்கிளில் அது கிடையாது. சுழலும் இரும்பு சுழலும் இரும்பின் பள்ளத்தில் நேராகப் பாய வேண்டும். அந்தப் பாய்ச்சல் விரைவாகவும் முழுமையாகவும் இருந்தால் தேய்மானம் மிகக் குறைவு. தயங்கினால் மூலையும் மூலையும் உரசும். 'கரக்' என்று நமக்குக் கேட்கும் ஒலி அதுவே.

மேலும் ஒரு நுட்பம் உண்டு. பல வண்டிகளில் பூட்டுப்பல்லின் பக்கங்கள் சற்று உட்சரிவாக வெட்டப்பட்டிருக்கும். எஞ்சின் இழுக்க இழுக்க, இரு சக்கரங்களும் ஒன்றையொன்று தம்மிடம் இழுத்துக்கொள்வதற்காகச் செய்த ஏற்பாடு அது. மூலை மழுங்கிவிட்டால் நடப்பது நேர்மாறு. எஞ்சின் இழுக்கும்தோறும் பற்கள் வழுக்கி, சக்கரங்கள் ஒன்றையொன்று வெளியே தள்ளும். கியர் தானாகத் துள்ளி விழும். அதைத் தடுக்க முயலும் கவை சூடேறித் தேயும், சில வேளை வளையும். வளைந்த கவையால் அடுத்த கியரும் முழுமையாக விழாது. ஒரு மூலையில் தொடங்கிய சேதம் இவ்வாறு பெட்டி முழுவதும் பரவுகிறது.

திருவொற்றியூரிலிருந்து வந்த பெட்டி

இந்தப் புல்லட்டுக்கும் நம் நகருக்கும் உள்ள உறவு நெடியது. 1955ஆம் ஆண்டில் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தில் ரெட்டிச் நகரின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வை உருவாக்கின. நம் இராணுவம் எல்லைக் காவலுக்கென அந்த வண்டியை விரும்பிக் கேட்டதே இதற்குத் தூண்டுகோல். முதலில் பாகங்களைக் கப்பலில் கொணர்ந்து பூட்டினர். பின்னர் பாகங்கள் அனைத்தும் இந்தியாவிலேயே தயாராயின. இங்கிலாந்தின் தாய் நிறுவனம் மறைந்த பின்பும் திருவொற்றியூரில் வேலை நிற்கவில்லை. 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே வண்டிகள் ஏற்றுமதியாயின.

பழைய புல்லட்டின் நான்கு கியர் பெட்டி ஆல்பியன் என்னும் ஆங்கில நிறுவனத்தின் வடிவமைப்பைத் தழுவியது. எஞ்சினின் பின்னே தனியாகப் பொருத்தப்பட்டது, எண்ணெயும் தனி. முதல் கியருக்கு முன்பாதத்தால் மேலே தூக்க வேண்டும். மற்ற மூன்றுக்கும் கீழே அழுத்த வேண்டும். இரு கியர்களுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும் பொய் நியூட்ரலுக்கு இது பேர் பெற்றது. பிரிட்டிஷ் வண்டிகளில் கியர் வலப்புறம் இருப்பதே பழைய வழக்கம். 1970களின் நடுவில் அமெரிக்க அரசு, தன் நாட்டில் விற்கும் எல்லா மோட்டார் சைக்கிள்களிலும் கியர் இடப்புறமும் பின்பிரேக் வலப்புறமும் இருக்கவேண்டும் என்று விதித்தது. உலகம் மெல்ல அதன் வழி சென்றது. புல்லட்டுக்கும் இந்நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் ஐந்து கியர் பெட்டியும் இடப்புற கியரும் வந்தன. ஆனால் பழைய வண்டிகள் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. அவற்றின் கால்கள் மாறவில்லை. ஓட்டுநரின் கால்கள் மாறிவிட்டன. நம் குடும்பத்துப் பிள்ளைக்கு நேர்ந்த விபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கோயில் தெருவிலிருந்து கடற்கரை வரை

கியர்ப்பெட்டியைப் பற்றிப் படிக்க விரும்புகிறவனுக்குத் திருவல்லிக்கேணியை விட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. பார்த்தசாரதி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் மாடும், மாவடு விற்கும் கூடையும், தேங்காய் வண்டியும், மேன்ஷன் வாசலில் நிற்கும் இளைஞர் கூட்டமும் வழியை அடைத்திருக்கும். முதல் கியரைத் தாண்டவே முடியாது. பாரதி சாலைக்கு வந்தால் இரண்டாம் கியர், மறுபடி முதல் கியர், நிறுத்தம், மறுபடி தொடக்கம். வெள்ளிக்கிழமை நண்பகலில் வாலாஜா பெரிய மசூதியின் பக்கம் நத்தையும் நம்மை முந்தும். அங்கிருந்து காமராசர் சாலையில் திரும்பியதும் கடற்காற்று முகத்தில் அறைய, நான்காம் கியர் நம்மை அழைக்கிறது. இரண்டு கிலோமீட்டருக்குள் ஒருவன் நெடுஞ்சாலையில் நாள் முழுவதும் மாற்றுவதைவிட அதிக முறை கியர் மாற்றிவிடுகிறான். தவறான பழக்கம் ஒவ்வொன்றுக்கும் இங்கே ஆயிரம் வாய்ப்பு உண்டு.

அன்று பாய் பேரனிடம் சில கேள்விகள் கேட்டார். கைக்கட்டோடு முக்காலியில் அமர்ந்திருந்த அவன் மறைக்காமல் பதில் சொன்னான். அந்த விடைகளிலிருந்தே பின்வரும் பட்டியலை நாம் தொகுத்தோம். தம்மை இதில் காணாத ஓட்டுநர் இருந்தால் அவரைப் பாராட்டுகிறோம்.

ஒன்று: அரை மனத்தோடு மாற்றுதல். நெம்புகோலை மெதுவாகத் தடவுவது வண்டிக்குச் செய்யும் கருணை என்று சிலர் எண்ணுகின்றனர். பூட்டுப்பல்லுக்கு அதைவிடப் பெரிய கொடுமை இல்லை. கிளட்சை முழுமையாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, ஒரே சீராக, முடியும் வரை அழுத்த வேண்டும். பல் உள்ளே விழுந்ததைக் கால் உணர்ந்த பின்பே கிளட்சை விடவேண்டும். உதைக்கவும் வேண்டாம், தடவவும் வேண்டாம்.

இரண்டு: கியரின் மேலேயே காலை வைத்திருத்தல். நெருக்கடியில் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறதே என்று பாதத்தை எடுக்காமல் வைத்திருப்போர் பலர். அந்தச் சிறு பாரம் உள்ளே கவையை ஓயாமல் சக்கரத்தோடு அழுத்துகிறது. கியர் மாற்றும் ஒரு நொடிக்கு மட்டும் உரசவேண்டிய கவை, நாள் முழுவதும் உரசுகிறது. பாதத்துக்கு உரிய இடம் கால்மிதி.

மூன்று: அரைக் கிளட்ச். மெல்ல நகரும் கூட்டத்தில் கிளட்சை முக்கால் பங்கு பிடித்தபடியே ஓட்டும் வழக்கம். இதனால் முதலில் கருகுவது கிளட்ச் தட்டுகள். தட்டுகள் சூட்டில் கோணினால் கிளட்சைப் பிடித்தாலும் அவை முழுமையாகப் பிரிவதில்லை. பிரியாத கிளட்சோடு மாற்றும் ஒவ்வொரு கியரும் பூட்டுப்பல்லின் மேல் விழும் அடி. கிளட்ச் கெட்டதன் தண்டனையைக் கியர்ப்பெட்டி அனுபவிக்கிறது.

நான்கு: நிறுத்தத்தில் கிளட்சைப் பிடித்தபடியே நிற்றல். நீண்ட சிக்னலில் நியூட்ரலுக்கு வருவதே நன்று. வண்டி முற்றிலும் நின்ற பிறகு நியூட்ரலைத் தேடி முன்னும் பின்னும் உதைப்பதைவிட, சக்கரம் மெல்ல உருண்டுகொண்டிருக்கும்போதே அதைப் பிடித்துவிட வேண்டும். பழைய புல்லட்டில் இதற்கென்றே ஒரு சிறிய நெம்புகோல் உண்டு. இரண்டு, மூன்று, நான்கு எதில் இருந்தாலும் கிளட்சைப் பிடித்து அதை ஒரு முறை மிதித்தால் நியூட்ரல். பேரனுக்கு அது எதற்கென்றே தெரியாது. "ஏதோ ஒடஞ்ச பெடல்னு நினைச்சேன் பாய்" என்றான். பாட்டனார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஐந்து: வேகம் குறையுமுன் கியரைக் குறைத்தல். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் முதல் கியருக்குத் தள்ளினால் இரு பக்கத்து வேகத்துக்கும் உள்ள வேற்றுமை முழுவதும் பூட்டுப்பல்லின் மூலையில் போய் மோதுகிறது. மழையில் நனைந்த சாலையிலோ, மணல் படிந்த கடற்கரைச் சாலையிலோ பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கவும் கூடும். முதலில் பிரேக், பிறகு ஒவ்வொரு கியராக இறக்கம். அதுவே முறை.

ஆறு: பெரிய கியரில் எஞ்சினைத் திணற வைத்தல். கியரை மாற்றச் சோம்பி நான்காம் கியரிலேயே இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் 'டுக் டுக்' என்று செல்வதைச் சிலர் சிக்கனம் என்கின்றனர். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் உந்துகிறது. வேகம் தாழும்போது அந்த உந்தல் சம்மட்டி அடியைப் போலச் சங்கிலிக்கும் பற்களுக்கும் பேரிங்குகளுக்கும் போய்ச் சேரும். அதைத் தாங்கிக்கொள்ளவே பின்சக்கரத்தினுள் ரப்பர்த் துண்டுகள் வைத்திருக்கின்றனர். அவையும் நசுங்கிவிட்டால் அடி நேரே பெட்டிக்கு.

ஏழு: நின்ற வண்டியில் கியர் விழவில்லை என்று உதைத்தல். தண்டுகள் அசையாதிருக்கும்போது பூட்டுப்பல் பள்ளத்துக்கு நேராக இல்லாமல் மேட்டுக்கு நேராக நிற்கலாம். எவ்வளவு உதைத்தாலும் அது விழாது. கிளட்சைச் சற்றே விட்டுப் பிடித்தாலோ, வண்டியை ஓர் அடி தள்ளினாலோ பள்ளம் நேருக்கு வரும். கியர் வெண்ணெய்போல் விழும்.

எண்ணெயும் சங்கிலியும்

பழக்கம் என்பது ஓட்டும்போது மட்டும் உள்ளதன்று; பராமரிப்பதிலும் உண்டு. யெஸ்டி, ராஜ்தூத் போன்ற இரண்டு வீச்சு வண்டிகளை வைத்திருந்தவர்களில் சிலர், பெட்ரோலில் எண்ணெய் கலக்கிறோமே, அது போதும் என்று இருந்துவிட்டனர். அந்த எண்ணெய் எஞ்சினோடு எரிந்துபோவது. கியர்ப்பெட்டிக்கு அதில் ஒரு துளியும் சேராது. அதற்குத் தனி எண்ணெய், தனிக் கணக்கு.

1985இல் ஹீரோ ஹோண்டா வந்தது முதல் நம் நாட்டில் பெருகிய நான்கு வீச்சுச் சிறு வண்டிகளில் எஞ்சின், கிளட்ச், கியர்ப்பெட்டி மூன்றுக்கும் ஏறத்தாழ ஒரு லிட்டர் எண்ணெயே பொது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் வரத்தொடங்கிய புதிய வகைப் புல்லட்டுகளிலும் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். பற்களின் நடுவே நசுங்கி நசுங்கி அந்த எண்ணெய் தன் கொழுமையை இழக்கிறது. எண்ணெய் மாற்றும் நாள் நெருங்கும்போது கியர் கடினமாக விழுவதாகத் தோன்றினால், வண்டி நம்மை நினைவூட்டுகிறது என்று கொள்ளலாம். காருக்கு வாங்கிய எண்ணெய் மிச்சம் இருக்கிறதே என்று இதில் ஊற்றலாகாது. அவற்றுள் சிலவற்றில் வழுக்கலை மிகுவிக்கும் சரக்குகள் உண்டு. எண்ணெயில் நனையும் கிளட்ச் தட்டுகள் அதனால் வழுக்கும். டப்பாவின் மேல் 'ஜாசோ எம்.ஏ.' என்று குறித்திருப்பது மோட்டார் சைக்கிளுக்கு ஏற்றது. பழைய புல்லட்டில் கசிவை நிறுத்துகிறோம் என்று பெட்டி நிறையக் கெட்டி கிரீஸை அடைப்பதும் தவறு. சக்கரம் சுழன்றதும் கிரீஸ் விலகி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். பற்களிடம் திரும்பி வராது.

2015 டிசம்பர்ப் பெருவெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையையும் சென்னைவாசிகள் மறக்கவில்லை. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை உடனே உதைத்துக் கிளப்பிப் பார்ப்பது பலர் செய்த பிழை. காற்றுத்துளை வழியே பெட்டிக்குள் நீர் புகுந்திருக்கும். வடித்துப் பார்த்தால் எண்ணெய் பால் கலந்த காப்பியின் நிறத்தில் வரும். அதை முழுவதும் வடித்துப் புதியது ஊற்றாமல் வண்டியை ஓட்டலாகாது.

சங்கிலியை மிக இறுக்கமாக வைப்பதால் கியர்ப்பெட்டியின் வெளித்தண்டும் அதன் பேரிங்கும் தேய்கின்றன. சிறு வண்டிகள் பெரும்பாலானவற்றில் சங்கிலியின் நடுப்பகுதி 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை மேலும் கீழும் ஆடவேண்டும். ஆள் ஏறினால் அது இன்னும் இறுகும் என்பதை நினைவில் வைக்கவேண்டும். கிளட்ச் கம்பிக்கும் சிறிது தளர்வு வேண்டும். தளர்வே இல்லாவிடில் கிளட்ச் வழுக்கும், அதிகமாயின் பிரியாது. வண்டிக்கு வண்டி அளவு மாறும். வாங்கும்போது தந்த கையேட்டைப் பெட்டகத்தில் பூட்டி வைக்காமல் ஒரு முறை படியுங்கள்.

பாட்டனாரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. காலையில் வண்டியைக் கிளப்புமுன் கிளட்சைப் பிடித்தபடி கிக்கரை இரண்டு மூன்று முறை மிதிப்பார். இரவெல்லாம் எண்ணெயில் ஒட்டிக்கிடந்த தட்டுகள் பிரியும். பிறகு முதல் கியர் ஓசையின்றி விழும். தெருவில் விளையாடும் பிள்ளைகள் அதைக் கண்டு, "தாத்தா வண்டிக்குத் தேகப்பயிற்சி சொல்லித் தர்றார்" என்று கேலி செய்வார்களாம்.

வண்டி பேசும் மொழி

பெட்டி ஒரே நாளில் உடைவது அரிது. முன்னமே சொல்லிவிட்டுத்தான் உடைகிறது. ஒரு குறிப்பிட்ட கியர் மட்டும் ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது துள்ளி விழுந்தால், அந்தக் கியரின் பூட்டுப்பல் மழுங்கத் தொடங்கிவிட்டது. எல்லாக் கியரும் கடினமாக விழுந்தால் முதலில் கிளட்ச் கம்பியையும் எண்ணெயையும் பாருங்கள். பெட்டியைப் பிரிக்க அவசரப்பட வேண்டாம். வடித்த எண்ணெயில் நுண்ணிய இரும்புத் துகள் மினுங்குவது புதிய வண்டியில் இயல்பு. விரலில் நெருடும் துண்டுகள் வந்தால் அபாயம். எல்லாக் கியரிலும் சீரான ஊளை கேட்டால் பேரிங்கை ஐயுறுக.

துள்ளி விழும் கியரோடு, "இன்னும் ஒரு மாதம் ஓட்டலாம்" என்று தள்ளிப்போடுவதை மட்டும் எவரும் செய்யாதிருக்க வேண்டுகிறோம். அது துள்ளும் இடம் உங்கள் விருப்பப்படி அமையாது. பேருந்தை முந்தும்போது துள்ளலாம். பின்னால் மனைவியும் நடுவில் குழந்தையும் அமர்ந்திருக்கும்போது துள்ளலாம். புதுப்பேட்டையில் பழைய பாகம் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவோரும், பூட்டுப்பல்லின் மூலையை நகத்தால் தடவிப் பார்த்து வாங்குக. மழுங்கிய ஒன்றைக் கழற்றி, மழுங்கிய இன்னொன்றைப் பூட்டுவதால் பயன் என்ன?

கைமாறும்போது

பாய் வேலையை முடிக்கப் பிற்பகல் ஆகிவிட்டது. கூலியைப் பெற்றுக்கொண்டு அவர் பாட்டனாரிடம் சொன்னது நம் நெஞ்சில் தங்கிவிட்டது. "சார், வண்டியைக் குடுத்தீங்க. ஓட்டுற பழக்கத்தைக் குடுக்கலையே."

பாட்டனார் பதில் பேசவில்லை. பிள்ளை ஆசையாகக் கேட்டான், சாவியை எடுத்துக் கொடுத்தோம், அவ்வளவே. வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்கும்போது வரிக்கணக்கையும் எல்லைக்கல்லையும் காட்டிக்கொடுக்கிறோம். வண்டியைக் கொடுக்கும்போது எதையும் காட்டுவதில்லை. கியர் எந்தப் பக்கம், பிரேக் எந்தப் பக்கம், அந்தச் சிறு நெம்புகோல் எதற்கு என்று சொல்லித்தர அரைமணி நேரம் போதும். அந்த அரைமணி நேரத்தைச் செலவிடாததன் விலை இரண்டு கியர்ப்பெட்டிகளும் ஒரு மணிக்கட்டும். இன்னும் பெரிதாகவும் இருந்திருக்கக்கூடும்.

மணிக்கட்டு தேறியபின், விடியற்காலையில் வெறிச்சோடிய தெருவில் பாட்டனார் திண்ணையில் அமர்ந்து சொல்லித்தர, பேரன் மெல்ல ஓட்டிப் பழகுகிறான். ஒரு நாள் நாமும் நின்று பார்த்தோம். தெருக்கோடியில் வண்டியைத் திருப்பும்முன் அவன் இடக்காலால் பிரேக்கை அழுத்தினான். பின்பு பாதத்தைக் கால்மிதியில் வைத்தான். "தாத்தா, இனிமே காலேஜுக்கு ஃபிரெண்டோட வண்டியை வாங்கி ஓட்டமாட்டேன். ரெண்டையும் மாத்தி மாத்தி ஓட்டினா கால் குழம்பிடுது" என்றான். அவனாகவே கண்டுகொண்ட உண்மை அது.

வாசகப் பெற்றோர்களே, உங்கள் இல்லத்திலும் ஒரு வண்டி விரைவில் கைமாறக்கூடும். கியரற்ற ஸ்கூட்டரில் கற்ற மகளோ மகனோ கியருள்ள வண்டிக்கு மாறப்போகிறார்கள். சாவியோடு ஓர் அரைமணி நேரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். உறவினர் வண்டியை இரவல் பெறும்போதும் ஆளற்ற இடத்தில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தபின்பே பெருஞ்சாலையில் இறங்கட்டும். சாலையில் தாயின் கையை உதறி ஓடும் குழந்தை யார் வீட்டுப் பிள்ளை என்று நமக்குத் தெரியாது. அக்குழந்தைக்கு வேண்டிய ஒரு முழ இடைவெளியை நம் கால்கள் இன்றே கற்றுக்கொள்ளட்டும்.